குச்சிக் கட்டும் பயிற்சி நூலும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இந்த ஆலய மண்டபத்துக்கு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் கல்விக்குப் பெரிதும் கைகொடுப்பது வகுப்பறை நடவடிக்கையா, ஏட்டுப் பயிற்சியா?’ என்பது இன்றைய தலைப்பு. பிள்ளை தானே செய்து கற்கும் நடவடிக்கையின் பக்கம் நின்று நான் பேசுகிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அன்பர் மூன்று கருத்துகளை முன்வைத்தார். அரை மணி நேரப் பாடவேளையில் மேசைகளை நகர்த்திக் குழு பிரிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடுகிறது என்றார். மலேசியாவில் தொடக்கப்பள்ளியின் இறுதியில் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீங்கிய பிறகு, பிள்ளை உண்மையில் படிக்கிறதா என்று அறியப் பெற்றோரிடம் அளவுகோல் இல்லை என்றார். தோட்டத்துப் பிள்ளையை லயத்திலிருந்து, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வெளியே கொண்டுவந்தவை ஏடும் எழுத்தும் தேர்வும்தான் என்று அவர் முடித்தபோது மண்டபம் கைதட்டியது. நானும் கைதட்டினேன். என் தந்தை ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்து மின்சாரம் இரவு நிற்பதற்குள் நான் வாய்ப்பாட்டை ஒப்பித்து முடிக்க வேண்டும் என்று எதிரே உட்கார்ந்திருந்தவர். அந்த மனிதரின் பிள்ளையாக இருந்துகொண்டு ஏட்டைப் பழிக்க எனக்கு நா எழாது.

ஆனால் நடுவர் அவர்களே, ஏடு ஒன்றைக் காட்டும், ஒன்றை மறைக்கும். விடையைக் காட்டும், அந்த விடைக்குப் பிள்ளை எப்படி வந்தது என்பதை மறைத்துவிடும். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்பவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் கழித்தல் கணக்கு. ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழிக்க வேண்டும். ஒரு சிறுமி 35 என்று எழுதியிருந்தாள். ஐந்தில் இரண்டு போனால் மூன்று. இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து. நான் சிவப்பு மையால் பிழை போட்டேன். மறுநாள் அதே போல் பத்துக் கணக்குகள் கொடுத்தேன், பத்தும் பிழை. அதற்கடுத்த நாள் இருபது. வீட்டில் அவளுடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழித்து அழித்து எழுத வைத்திருந்தார் என்பது தாள் நைந்துபோயிருந்ததிலேயே தெரிந்தது. பயிற்சி குறைந்ததாலா அந்தப் பிள்ளைக்கு வரவில்லை? தவறான வழி ஒன்றை முப்பது முறை அவளுக்குப் பயிற்றுவித்தவன் நான்தான்.

பிறகு ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து ரப்பர் வளையம் போட்டு அவள் முன் வைத்தேன். ஐந்து கட்டுகள், இரண்டு உதிரிக் குச்சிகள். ‘எனக்கு இருபத்தேழு குச்சிகள் கொடு’ என்றேன். இரண்டு கட்டுகளைத் தயங்காமல் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு உதிரிகளையும் கொடுத்தாள். இன்னும் ஐந்து வேண்டும், உதிரி இல்லை. கையில் ஒரு கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்திருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, ஏதோ செய்யக்கூடாத காரியத்துக்கு அனுமதி கேட்பதைப் போல மெதுவாகக் கேட்டாள்: ‘சார், இந்தக் கட்ட அவுக்கலாமா?’

நடுவர் அவர்களே, கணிதத்தில் ‘கடன் வாங்குதல்’ என்று நாம் கரும்பலகையில் பல வாரம் கற்பிப்பது அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. பத்து என்பது பூட்டிவைத்த பொருள் அன்று, வேண்டும்போது பிரித்துக்கொள்ளலாம் என்பதை அவளே கண்டுகொண்டாள். அதற்கு எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எதிரணி அன்பர் கேட்பார். ஏறத்தாழ பதினைந்து நிமிடம். நான் முன்பு வீணாக்கிய மூன்று நாளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அவளுக்கு ஏட்டுப் பயிற்சி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். புரிந்ததைக் கைக்குப் பழக்கப்படுத்தத்தான் பயிற்சி. புரியாததைப் புரியவைக்க அதற்கு வலிமை கிடையாது.

இங்கே எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், அதை மறைப்பது நேர்மை ஆகாது. நடவடிக்கை என்ற பெயரில் நடக்கும் எல்லாம் நடவடிக்கை ஆகிவிடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு மஹ்ஜோங் தாள், அந்தப் பெரிய வெள்ளைத் தாள், கொடுக்கிறோம். கையெழுத்து அழகாக உள்ள பிள்ளை நூலைப் பார்த்து எழுதுகிறது, இன்னொரு பிள்ளை ஓரத்தில் பூ வரைகிறது, மற்ற மூவரும் மைக்கோல் மூடியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். முடிந்ததும் சுவரில் ஒட்டிச் சான்றுக்குப் படம் பிடித்துக்கொள்கிறோம். இது பெரிய தாளில் செய்த ஏட்டுப் பயிற்சி, அவ்வளவுதான். அதுபோல, நாளைக்குக் கைவினைப்பொருள் கொண்டுவா என்று சொல்லியனுப்பி, இரவு பதினோரு மணிக்கு அம்மா அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க, பிள்ளை உறங்கிவிடுவதும் நடவடிக்கை அன்று. எதிரணி அன்பர் குறை கூறியது இவற்றைத்தான் என்றால் நாங்கள் இருவரும் ஒரே அணி. பிள்ளையின் கையும் வாயும் மனமும் ஒரு சிக்கலோடு மல்லுக்கு நிற்க வேண்டும். பக்கத்தில் நின்று ஆசிரியர் அதைக் கவனிக்க வேண்டும். அதைத்தான் எங்கள் அணி நடவடிக்கை என்கிறது.

அளவுகோல் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். யூ.பி.எஸ்.ஆர். 1988-இல் தொடங்கியது, கடைசியாக 2019-இல் நடந்தது, தொற்றுக் காலத்தில் 2020-ஆம் ஆண்டுத் தேர்வு நடக்காமல் போய், 2021-இல் முற்றாக நீக்கப்பட்டது. முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான தேர்வுகள் அதற்கும் முன்பே, 2019-இல் எடுக்கப்பட்டுவிட்டன. அவற்றின் இடத்தில் வகுப்பறை மதிப்பீடு இருக்கிறது. பிள்ளையின் அடைவுநிலை 1 முதல் 6 வரை குறிக்கப்படுகிறது. தெரிந்ததைத் திருப்பிச் சொல்வது அதன் கீழ்ப்படிகளில் இருக்கிறது. புதிய சூழலில் பயன்படுத்துவதும் புதிதாகப் படைப்பதும் மேற்படிகளில் இருக்கின்றன. குச்சிக் கட்டை அவிழ்த்த சிறுமி எந்தப் படியில் நிற்கிறாள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். எத்தனை பாடத்தில் ஏ என்று எண்ணி ‘ஏழு ஏ’, ‘எட்டு ஏ’ எனப் பெயர்ப்பட்டியல் தொங்கிய காலத்தில் அந்த எழுத்தைப் பார்த்தோமே தவிர, பிள்ளையைப் பார்த்தோமா என்பதைப் பெற்றோர்களே நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

இனி மூன்றாவது செய்தி. இதற்குத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

தோட்டப் பள்ளி எப்படிப் பிறந்தது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளியை நடத்த வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. பல தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணியோ, வேலையை மேற்பார்க்கும் கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ ஆசிரியராக நின்றார். ஒரே கொட்டகை, எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒன்றாக. அங்கே சேர்ந்து ஒப்பிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த ஆசிரியர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் வசதியில்லாத காலத்தின் கட்டாயத்தை, வசதி வந்த பிறகும் கல்வியின் இலக்கணம் என்று நாம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

ஒப்பித்தே வளர்ந்தவனுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு நானே சாட்சி. தமிழ்ப்பள்ளியில் மலாய்க் கட்டுரைகளில் நான் நல்ல புள்ளி வாங்கியவன். ‘என் குடும்பம்’ என்ற கட்டுரையை மலாயில் இமைகொட்டாமல் ஒப்பிப்பேன். இடைநிலைப்பள்ளியில் முதல் நாள், ஆசிரியர் என்னை எழுப்பி என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். மனப்பாடம் செய்தது அப்படியே வந்தது. வகுப்பே கவனித்தது. பிறகு அவர் சும்மா ஒரு கேள்வி கேட்டார்: உன் அப்பா காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார், ஏன் அவ்வளவு சீக்கிரம்? அந்தக் கேள்வி எந்தப் பயிற்சி நூலிலும் இல்லை. விடை எனக்கு நன்றாகத் தெரியும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் விடியுமுன் வெட்ட வேண்டும் என்பது லயத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்குத்தான் தெரியாது? ஆனால் மலாயில் ஒரு சொல் வரவில்லை. நான் நின்றேன். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான், பிறகு பலர் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த ஆண்டு முழுவதும் நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை. மலாயில் பின்தங்கியவர்கள் முதல் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்தார்கள். நான் தேறியவன், நேராக முதல் படிவத்துக்கு, இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்புக்கு, வந்தவன். தேறியும் ஊமையானேன். தொடக்கப்பள்ளியில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, வகுப்பறையைச் சந்தையாக்கி, ஒருவன் மீன் விற்கவும் ஒருவன் விலை பேசவும் விட்டிருந்தால், பிழையோடாவது பேசியிருப்பேன். இன்று என் வகுப்பில் பிள்ளைகள் மலாயில் தக்காளிக்கு விலை பேசிக் கத்தும்போது, பக்கத்து வகுப்பு ஆசிரியர் கதவைத் தட்டினாலும் நான் அவர்களை அடக்குவதில்லை.

நடுவர் அவர்களே, நாம் கூடியிருக்கும் ஊர் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டம், தொடங்கியது. நம் பிள்ளைகள் அதன் நடுவில் பிறந்து வளர்கிறார்கள். ஆனால் மகரந்தச் சேர்க்கை என்றால் பயிற்சி நூலில் உள்ள செம்பருத்திப் படத்துக்கு அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுகிறார்கள். சென்ற ஆண்டு என் மாணவர்களிடம், ‘செம்பனைப் பூ எப்படிக் காய்க்கிறது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வாருங்கள்’ என்று மட்டும் சொல்லியனுப்பினேன். மறுநாள் ஒரு பையன் எழுந்து, ‘எங்க பாட்டி பூவுக்குப் பவுடர் போட்டாங்களாம் சார்’ என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது முழு உண்மை. மகரந்தத் தூளை டால்க் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் தூவுவது அந்நாளில் தோட்டத்துப் பெண்களின் வேலையாக இருந்தது. 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். அந்த வேலையை அது எடுத்துக்கொண்டது. அரிசிமணியைவிடச் சிறிய அந்த வண்டை மறுவாரம் பிள்ளைகள் ஆண் பூக்கொத்திலிருந்து கண்ணாடிப் புட்டியில் தட்டிக்கொண்டு வந்தார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடிக்காக வரிசையில் நின்றவர்களை ஓய்வு மணி அடித்த பிறகும் சிற்றுண்டிச்சாலைக்கு அனுப்ப முடியவில்லை.

தோட்டத்துப் பிள்ளை முன்னேற, தோட்டத்தை மறக்க வேண்டும் என்று எதிரணி அன்பர் நினைக்கிறார் போலும். அந்தப் பிள்ளையின் வீட்டில் அறிவு இருக்கிறது. பயிற்சி நூல் அதைக் கேட்பதில்லை. நடவடிக்கை கேட்கிறது. கேட்கப்படாத அறிவு நாளடைவில் வெட்கமாக மாறிவிடுகிறது. ‘அப்பா என்ன வேலை செய்கிறார்?’ என்ற கட்டத்தை நிரப்பும்போது பிள்ளைகள் கையால் மறைத்துக்கொண்டு எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சிறிய பள்ளிகளில் இது முடியாது என்று ஒரு பெற்றோர் இடையில் குரல் கொடுத்தார். நாட்டில் உள்ள 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் நூற்றைம்பது பேருக்குக் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் நிறைய. ஐயா, அங்கேதான் இது நன்றாக நடக்கும். வகுப்பில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரின் கையையும் ஆசிரியர் பார்க்கலாம். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சோங்காக் பலகையில், நம் பல்லாங்குழிதான், பெருக்கலைக் காட்டிக்கொடுப்பதை ஒரு முறை வந்து பாருங்கள்.

எனக்கு ஒரு நிமிடம்தான் மீதம் என்று நடுவர் மணி அடித்துவிட்டார். ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். அந்தப் பவுடர் போட்ட பாட்டியின் பேரன் பள்ளி அறிவியல் கண்காட்சியில் செம்பனைக் குலை ஒன்றை மேசையில் வைத்து விளக்கிக்கொண்டிருந்தான். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும் என்று மலாயில் சொன்னான். வந்திருந்த அதிகாரி ஒருவர், மரத்தில் அவ்வளவு உயரத்தில் இருக்கும் குலை பழுத்துவிட்டது என்று கீழே நிற்பவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பையன் ஒரு கணம் யோசித்தான். குலை வெட்டும் அவன் தந்தை வேலை உடுப்போடு, மண் படிந்த காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றிருந்தார். பையன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்து வந்தான். அவர் குனிந்து, உதிர்ந்து கிடந்த பழம் ஒன்றை எடுத்து அதிகாரியின் உள்ளங்கையில் வைத்து, ‘இது கீழே விழுந்து கிடக்கும், அதைப் பார்த்துத்தான்’ என்றார். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பையன் தன் நண்பர்களிடம், ‘எங்க அப்பா’ என்றான்.

நன்றி, வணக்கம்.