பிரானூரில்தான் பார்டர்: நடத்துநர் வாயாலேயே கேளுங்கள்

வணக்கம். போன வாரக் குற்றாலம் வீடியோவில், தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே இருக்கும் பிரானூரின் பரோட்டாவை 'பார்டர் பரோட்டா' என்று நான் சொன்னதற்கு வந்த கருத்துகளைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "கேரள எல்லை புளியரைக்கு மேலே இருக்கிறது. பிரானூரைப் போய் பார்டர் என்று ஏன் பொய் சொல்கிறீர்கள்?" பொய்யாம்! அதற்காகவே காலையில் கிளம்பி மறுபடியும் தென்காசிக்கு வந்துவிட்டேன்.

முதலில் சான்று. பஸ்ஸில் ஏறி, "பார்டர் ஒன்று" என்று மட்டும் கேட்டேன். நடத்துநர் மறுபேச்சுப் பேசவில்லை, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். பிரானூர் நெருங்கியதும், "பார்டர் இறங்குபவர்கள் முன்னால் வாருங்கள்!" என்று குரல் கொடுத்தார் பாருங்கள், அந்த நேரம் பார்த்து மெமரி கார்டு நிறைந்துவிட்டது. விடுவேனா? இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து, தென்காசி பேருந்து நிலையத்துக்கே திரும்பி, பழைய அருவிக் காட்சிகளையெல்லாம் அழித்துவிட்டு மறுபடியும் ஏறினேன். இந்த முறை வேறு நடத்துநர். அவரும் அதே சொல்லைத்தான் சொன்னார்: பார்டர்! இப்போது நீங்கள் கேட்டது அந்தக் குரல்தான். இன்று முழுக்க எனக்கு இது போதும்.

இனி காரணத்துக்கு வருகிறேன். 1956 அக்டோபர் 31 வரை செங்கோட்டை நம்மோடு இல்லை. நெடுங்காலம் திருவிதாங்கூர் சமஸ்தானம், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. தென்காசியோ சென்னை மாகாணம். இரண்டுக்கும் நடுவே இந்தச் சாலையில் எல்லை விழுந்த இடம்தான் பிரானூர். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தது, ஆரியங்காவு கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் எல்லை பத்து கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப்போய், மலைமேல் கோட்டைவாசலில் உட்கார்ந்துகொண்டது. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

சொல்ல மறந்துவிட்டேன், கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்ததும் அதே நாள்தான்.

இதோ, செங்கோட்டை நுழைவாயில். கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்குகிறேன். நடுவில் தெரிகிறதா, சங்கு? திருவிதாங்கூர் அரசின் முத்திரை அது. இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள். நாடு மாறி, மாநிலம் மாறி, 2019-இல் மாவட்டமும் தென்காசி என்று மாறிவிட்டது. சங்கை யாரும் பெயர்த்தெடுக்கவில்லை. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அருவிக்கு ஓடுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

இன்னொன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் இந்தச் செங்கோட்டைக்காரர். புனலூரில் காட்டிலாகா வேலை பார்த்தவர். சொந்த ஊர், வேலை பார்த்த ஊர் இரண்டுமே திருவிதாங்கூர். மணியாச்சியோ வெள்ளைக்காரனின் நேரடி ஆட்சியில் இருந்த திருநெல்வேலிச் சீமை. அப்படியானால் அவர் எல்லை தாண்டிப் போய்ச் சுட்டிருக்கிறார்! அந்த எல்லையைத்தான் இல்லை என்கிறீர்கள்.

சரி, பார்டருக்கே திரும்பி வந்துவிட்டேன், இலை போட்டாயிற்று. கொத்துப் பரோட்டா எனக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். பரோட்டாவை முழுசாக வாங்கி, கையால் பிய்த்து, சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுக் கைகழுவியதும் கோட்டைவாசல் பஸ்.