மேப்பில் நம் பக்கம் வெளிர் நிறம்தான், ஆனால் எண்ணியது யார்?

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாம்பன் தெற்குவாடிக் கரையில் உட்கார்ந்து பேசுகிறேன், இந்த மாதத்தில் இங்கே இப்படித்தான் அடிக்கும். மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15-இல் கட்டிய விசைப்படகுகள் ஜூன் 14 வரை, 61 நாள், அசையாது. எனக்குப் பின்னால் பெயின்ட் அடிக்கிறார்கள் பாருங்கள். கல்யாணம், வீடு பூசுவது, பல் பிடுங்குவது என்று தள்ளிப்போட்ட எல்லா வேலையும் எங்கள் ஊரில் இந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும். ஆட்கள் கரையில் இருக்கிறபோதே இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவசரமாக உட்கார்ந்தேன்.

விஷயம் நுரையீரல் புற்றுநோய். போன வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி எழுதியிருந்தார்: "அக்கா, உலக மேப்பில் நுரையீரல் புற்றுநோய் இறப்பைப் பாருங்கள், அமெரிக்கா, ஐரோப்பா, சீனா எல்லாம் அடர் நிறம், இந்தியா வெளிர் நிறம். நமக்கு உப்புக் காற்று வேறு. பயப்பட வேண்டாம்." அன்பாகத்தான் எழுதியிருக்கிறார். அந்த மேப்பும் பொய் இல்லை. ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் தெருவில் ஒரே வருடத்தில் போன இரண்டு பேர் ஞாபகம் வந்துவிட்டார்கள், ராத்திரி தூங்க முடியவில்லை.

ஒருவர் என் சித்தப்பா. பதினாறு வயதில் தொழிலுக்குப் போனவர். ராத்திரி கடலில் குளிருக்கும் தூக்கம் வராமல் இருக்கவும் பீடி, ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. இருமல் வந்தது, எடை குறைந்தது. எக்ஸ்ரே எடுத்த இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறது, டிபியாக இருக்கும் என்றார்கள். சளியை இரண்டு தடவை சோதித்தும் கிருமி இல்லை. இருந்தாலும் மாத்திரை ஆரம்பித்தார்கள், ஐந்து மாதம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டார். அப்புறம் குரல் கம்மிப்போனது, பேசினால் காற்றுதான் வரும். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் சிடி ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் நான்காம் நிலை. நான்கு மாதம் இருந்தார்.

இன்னொருவர் அவரோடு அதே படகில் போனவர், பக்கத்து வீட்டுப் பெரியவர். அதே பீடி, அதே இருமல். மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்தார், மூச்சு முட்டினால் ஆவி மருந்து வைத்துக்கொள்வார். எங்கேயும் போகவில்லை. மார்கழியில் வீட்டிலேயே போய்விட்டார். இறப்பைப் பதிகிறபோது காரணம் கேட்டார்கள், வீட்டில் "இளைப்பு" என்றார்கள், அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

சித்தப்பா கணக்கில் இருக்கிறார். பெரியவர் இல்லை. அவருக்கு உள்ளே என்ன இருந்தது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. மேப்பில் ஒரு இடம் வெளிறித் தெரிகிறது என்றால் அதற்குள் இந்தப் பெரியவர் மாதிரி எத்தனை பேர் இருப்பார்கள் என்றுதான் நான் முதலில் யோசிப்பேன்.

சரி, முதலில் அந்த மேப் காட்டுகிற எண் என்ன என்று பார்ப்போம். இறப்பு விகிதம் என்றால் ஒரு லட்சம் பேரில் ஒரு வருடத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது. ஆனால் அப்படியே எண்ணினால் தப்பாகிவிடும். எங்கள் பக்கத்தில் கீழக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள், வயசுப் பிள்ளைகள் பாதிப் பேர் துபாயிலும் சென்னையிலும், ஊரில் இருப்பவர்கள் பெரியவர்கள். வயதானவர்களுக்கு அதிகம் வருகிற நோய் அந்த ஊரில் அதிகமாகத் தெரியும், ஊர்மேல் குற்றம் இல்லாமலே. அதனால் எல்லா ஊரிலும் சின்னவர், பெரியவர் ஒரே அளவில் இருந்தால் எவ்வளவு வரும் என்று சரிசெய்துதான் ஒப்பிடுவார்கள். நல்ல மேப் எல்லாம் இப்படிச் சரிசெய்ததுதான்.

2022-இல் உலகம் முழுவதும் சுமார் 18 லட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள். வேறு எந்தப் புற்றுநோயும் இத்தனை பேரைக் கொல்வதில்லை. இந்தியாவில் அதே வருடம் சுமார் 75 ஆயிரம். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 81 ஆயிரத்துச் சொச்சம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருகிறவர்கள் எண்ணிக்கையும் போகிறவர்கள் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது. சித்தப்பா மாதிரி கடைசி நிலையில் வந்து சேர்கிறார்கள் என்பதுதான் இதற்குப் பெரிய காரணம்.

இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று தேடினால் எல்லா வழியும் புகையில்தான் போய் முடிகிறது. ஐரோப்பாவில் ஹங்கேரி ரொம்ப காலமாக மேலே நிற்கிறது, அங்கே தலைமுறை தலைமுறையாகச் சிகரெட். அமெரிக்காவில் கென்டக்கி என்ற மாநிலம், புகையிலை விளைகிற மண், கிட்டத்தட்ட வீட்டுக்கு வீடு புகைத்தவர்கள். அதே நாட்டில் யூட்டா மாநிலத்தில் ஏராளமாக இருக்கிற மார்மன் என்ற கிறிஸ்தவ சபையினர் மத நம்பிக்கையால் புகையிலையைத் தொடுவதில்லை. கென்டக்கியின் இறப்பு விகிதம் யூட்டாவைப் போலச் சுமார் மூன்று மடங்கு. ஒரே அரசாங்கம், ஒரே மாத்திரை மருந்து, வித்தியாசம் இவ்வளவு.

நம் நாட்டுக்குள்ளேயே பாருங்கள். மிசோரத்தில் ஐசால் மாவட்டம். 2020-இல் வந்த தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கைப்படி அங்கே லட்சம் ஆண்களில் 38.8 பேருக்கும், லட்சம் பெண்களில் 37.9 பேருக்கும் ஒரு வருடத்தில் இந்த நோய் வருகிறது. நாட்டிலேயே அதிகம். இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் ஆண்களுக்குத்தான் ரொம்ப அதிகம், அங்கே பெண்களும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கிறார்கள், ஏனென்றால் அங்கே பெண்களும் நெடுங்காலமாகப் புகைக்கிறார்கள், புகையை நீரில் இறக்கிய ஒரு புகையிலைத் தண்ணீரையும் வாயில் வைத்துக்கொள்கிற பழக்கம் உண்டு. மலைக்காற்று, சுத்தமான ஊர். காற்று காப்பாற்றவில்லை. உப்புக் காற்று பற்றி எழுதிய தம்பிக்கு இதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன்.

அப்புறம், காலம். எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இதுதான். அமெரிக்காவில் ஆண்களின் இறப்பு விகிதம் 1990-இல் உச்சிக்குப் போனது, லட்சத்துக்கு 90 பேர் அளவில். இப்போது அதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் புகையிலைதான் காரணம் என்று 1950-லேயே இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இரண்டு பேர் எழுதிவிட்டார்கள், 1964-இல் அமெரிக்க அரசே அறிக்கை விட்டது. அதற்கு அப்புறமும் 26 வருடம் இறப்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறது! பெண்கள் ஆண்களைவிடப் பிந்தித்தான் சிகரெட் பிடிக்க ஆரம்பித்தார்கள், அதனால் அவர்களின் உச்சி 2000-க்குப் பிறகுதான் வந்தது. இன்றைக்குப் பற்றவைத்த பீடிக்கு இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் கணக்கு வரும். இன்றைக்கு நம் கரையில் யாராவது இறப்பு குறைவு என்றால், அது நம் அப்பாக்கள் 1995-இல் என்ன பிடித்தார்கள் என்பதற்கான பதில். இப்போது படகுத்துறையில் நின்று பிடிக்கிற பையன்களுக்கான பதில் 2050-இல் வரும்.

அந்தப் பையன்களைப் பற்றி ஒரு கணக்கு. இந்தியா முழுவதும் எடுத்த பெரியவர்களுக்கான புகையிலை ஆய்வில், 2009-10-இல் 34.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள், 2016-17-இல் 28.6 ஆகக் குறைந்தது. நாடு குறைந்தபோது தமிழ்நாடு ஏறியது. 16.2-இலிருந்து 20.0. இதில் வாயில் போட்டு மெல்லுகிறதும் சேர்த்தி, அது பெரும்பாலும் வாய்ப் புற்றுக்குக் கொண்டுபோகும். ஆனாலும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு மேப்பின் வெளிர் நிறத்தை நம்பி எப்படி உட்கார்வது?

பீடி சிகரெட்டைவிட லேசு என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள், சித்தப்பாவும் சொல்வார். தூள் கொஞ்சம்தானே, இலைதானே என்று. அந்த இலையில் காற்று புகாது, இழுக்காவிட்டால் அணைந்துவிடும், அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதில் சிகரெட்டைவிடக் குறைவான தூளில் அதிகமான தார் உள்ளே போகிறது. கடல் காற்றில் கையைக் குவித்துப் பிடித்து இழுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் குவிந்த கைக்குள் இருக்கிற புகையும் அவர்களுக்குத்தான். படகில் டீசல் என்ஜின் புகை வேறு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் உறுதியாகவே சொன்னது. வெளிக்காற்று மாசையும் 2013-இல் அதே வரிசையில் சேர்த்தது.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் "நான் பீடி பிடிக்கவில்லையே" என்று அக்காமார்கள் இதோடு வீடியோவை நிறுத்திவிடுவீர்கள். சீனாவில் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்று ஒரு பகுதி. அங்கே பெண்கள் பெரும்பாலும் புகைப்பதே இல்லை, ஆனால் நுரையீரல் புற்றுநோய் இறப்பு சீனாவிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. காரணம் வீட்டுக்குள், புகைபோக்கி இல்லாத அடுப்பில் எரித்த புகை கக்குகிற நிலக்கரி. புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறிய வீடுகளில் நோய் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ஒரு குழாய்! நம் பக்கம் நிலக்கரி இல்லை, சீமைக்கருவேல விறகு. விறகுப் புகைக்கு நிலக்கரி அளவுக்கு உறுதியான சாட்சி இன்னும் சேரவில்லை, "வாய்ப்பு அதிகம்" என்ற வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது போதும். கேஸ் தீர்ந்தால் அம்மா இன்றைக்கும் கருவேலத்தைத்தான் எரிக்கிறார், நான் அந்த அடுப்பை உள்ளேயிருந்து தூக்கிப் பின்வாசலில் வைத்துவிட்டேன். சாயல்குடி, கமுதிப் பக்கம் கரிமூட்டத்தில் வேலை செய்கிறவர்கள் வாய்க்கு ஈரத்துணி கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் யார் போய் இருமலைப் பற்றிக் கேட்கிறார்கள்?

எண்ணுவது பற்றிச் சொன்னேன் இல்லையா. 2020-இல் நம் நாட்டில் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் எழுதிய காரணம் இருந்தது. மீதி எல்லாம் வீட்டில் சொன்ன காரணம், அல்லது காரணமே இல்லை. சென்னைக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பதிவேடு 1981-இலிருந்து இருக்கிறது, அதனால் சென்னைக்கு நாற்பது வருடக் கோடு வரையலாம். தமிழ்நாடு முழுவதற்கும் பதிவேடு ஆரம்பித்தது 2012-இல். அதற்கு முன்னால் ராமநாதபுரம் கரையில் ஏறியதா இறங்கியதா என்று காட்டுகிற கோடு எங்கே இருக்கும்? மகாராஷ்டிரத்தில் பார்சியில் 1987-இல் கிராமத்துக்கான முதல் பதிவேட்டை ஆரம்பித்தபோது ஆட்கள் வருவார்கள் என்று காத்திருக்கவில்லை, பணியாளர்களே ஊர் ஊராகப் போய், அறிகுறியைச் சொல்லி, சந்தேகம் இருந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தார்கள். எங்கள் தெருவுக்கு அப்படி ஒருவர் வந்திருந்தால் பெரியவர் சிரப்போடு நின்றிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இப்போது கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணம் இல்லாமல் எடை குறைவது, குரல் கம்முவது, தோள்பட்டை வலி விடாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் போங்கள். டிபி என்று சொன்னால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டிபியும் நிஜமான நோய், இரண்டும் சேர்ந்தும் இருக்கும். ஆனால் சளியில் கிருமி இல்லை, மாத்திரை சாப்பிட்டும் மாற்றம் இல்லை என்றால் "சிடி ஸ்கேன் எடுக்கலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று கூசி ஐந்து மாதம் சும்மா இருந்தோம். விட நினைக்கிறவர்கள் 1800 112 356-க்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது, புகையிலையை விட உதவுகிற அரசு எண். வீட்டில் யாராவது இறந்தால், என்ன நோய் என்று சீட்டு இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பதியச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

சித்தப்பா மகன், என் அண்ணன், அதோ மூன்றாவது படகில் பெயின்ட் அடிக்கிறான் பாருங்கள், சட்டை இல்லாமல். இருபது வருடமாகப் பீடி. சித்திரை பிறந்ததிலிருந்து இருமுகிறான், தூசி என்கிறான். இன்று காலையில் சண்டை போட்டு ஒத்துக்கொள்ள வைத்தேன். வியாழக்கிழமை ராமநாதபுரம் போகிறோம், ஆறரை பஸ். அப்பாவின் பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.