உயிலில் கிணறு எழுதியாச்சுங்களா?

நேயர்களுக்கு வணக்கம். நம்ம கொங்குப் பக்கம் உயில் எழுதச் சொன்னால், "மேற்கால காடு பெரியவனுக்கு, கிழக்கால காடு சின்னவனுக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தகராறு காட்டுக்கு வருவது குறைவுங்க. கிணற்றுக்கும் தடத்துக்கும்தான் (காட்டுக்குப் போகும் வழிக்கும்தான்) அண்ணன் தம்பி கோர்ட்டு ஏறுகிறார்கள்.

நாலு ஏக்கர் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணறு மேற்குப் பாதியில், இட்டேரியிலிருந்து (இருபுறமும் வேலி உள்ள ஊர்ப்பாதை) வண்டி வரும் வழி கிழக்குப் பாதியில், மோட்டார் சர்வீஸ் (கரண்ட் இணைப்பு) தாத்தா பெயரில். இதை நடுவில் பிரித்து எழுதிவிட்டால் ஒருத்தருக்குத் தண்ணீர் இல்லை, இன்னொருத்தருக்கு வழி இல்லை. அதனால் சர்வே எண், உட்பிரிவு, செக்குபந்தி (நான்கு எல்லை) எழுதிய கையோடு, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, முறை எத்தனை நாளுக்கு ஒருதரம், பைப் எந்தப் பொழி (வரப்பு) ஓரமாகப் போகிறது, மோட்டார் பழுதானால் செலவு எப்படி என்பதையும் எழுதுங்கள். தடத்துக்கு அடிக்கணக்கு வேண்டும். தேங்காய் லோடு ஏற்றிய டிராக்டர் டிரெய்லரோடு திரும்ப வேண்டாமா? பட்டாவும் சர்வீசும் இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால், அத்தைமார், அவர்கள் பிள்ளைகள் என்று கையெழுத்துக்காக ஊர் ஊராக அலைய வேண்டிவரும்.

சுயார்ஜிதச் சொத்தை, அதாவது நீங்களே சம்பாதித்த சொத்தை, முழுக்க யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் அதில் மகனுக்குச் சமமான பங்கு. "சீர் செஞ்சாச்சு, பத்திரத்தாள்ல கையெழுத்தும் வாங்கியாச்சு" என்பார்கள். பதிவு செய்யாத விடுதலைப் பத்திரத்தால் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) மகளின் பங்கு போய்விடாது.

உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவருடைய அம்மாவும் சம பங்குக்காரர். வாரிசுச் சான்றுக்கு எழுதும்போது அந்த அம்மாவைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். முக்கியம் சாட்சிகள்தான். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். எழுதுபவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, அவர் முன்னிலையிலேயே அவர்களும் போட வேண்டும். பிற்பாடு வழக்கென்று வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்லியாக வேண்டும். எழுபது வயதுக்காரர் எண்பது வயதுப் பங்காளியைச் சாட்சி வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வயது குறைந்த, உள்ளூரிலேயே இருக்கும், சொத்து வாங்காத ஆளாகப் பாருங்கள்.

பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். தாள் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். பதிந்த உயிலுக்குப் பிறகு பதியாத உயில் ஒன்றை முறையாக எழுதினால், கடைசியாக எழுதியதே செல்லும். படுக்கையில் கிடக்கும்போது எழுதுவது, சொத்து வாங்குகிற பிள்ளையே வக்கீலைக் கூட்டிவந்து முன்னால் நின்று எழுதவைப்பது, இதெல்லாம் கோர்ட்டுக்குச் சந்தேகம் தரும். ஒரு பிள்ளைக்குக் கொடுக்கவில்லை என்றால் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். வயதானவர் என்றால் நிதானத்தோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் அன்றைய தேதியில் சான்று வாங்கி வையுங்கள்.

உயிலுக்குப் பதில் செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதுவோரும் உண்டு. அது பதிந்த உடனே சொத்தைக் கைமாற்றிவிடும். நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. எழுதத்தான் வேண்டுமென்றால், கடைசிவரை சோறு, மருத்துவம், இருக்க இடம் தர வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். கவனிக்காமல் விட்டால் 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனுக் கொடுத்து ரத்து கேட்கலாம்.

பேங்க் டெபாசிட்டில் நாமினி பணத்தை வாங்கித் தருகிற ஆள்தான், அதற்காக அவரே முழுச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். சொத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மகனுக்குக் கொடுத்த பவரும் (அதிகாரப் பத்திரமும்) அப்பா கண்மூடியதோடு தீர்ந்தது. அதன்பிறகு அந்தப் பவரை வைத்து யாராவது கிரயம் பேச வந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.