தம் கட்டாமல் செய்யுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

பிரஷர் இருக்கிறது என்று தெரிந்ததும் பலர் முதலில் செய்வது, உடம்பை அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்துவிடுவது. "வேகமாக நடந்தால் பிரஷர் ஏறிவிடுமே" என்று பயம். ஏறத்தான் செய்யும். தசைகள் கூடுதல் ரத்தம் கேட்கின்றன, இதயம் வேகமாகத் தள்ளுகிறது, பிரஷரின் மேல் அளவு (120/80 என்றால் 120) உயர்கிறது. கீழ் அளவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். பிரஷர் இல்லாதவருக்கும் இதே கதைதான்.

விஷயம் அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. நடந்து முடித்த பிறகும் ரத்தக் குழாய்கள் கொஞ்ச நேரம் விரிந்தே இருக்கும். அதனால் அழுத்தம் முன்பிருந்ததைவிடக் கீழே இறங்கி, பல மணி நேரம் அங்கேயே நிற்கும். மாதக்கணக்கில் விடாமல் நடந்தால், சும்மா இருக்கும்போது பார்க்கிற அளவே குறைகிறது. மேல் அளவில் சராசரியாக 5 முதல் 8 வரை குறையும். ஒரு மாத்திரை செய்கிற வேலைக்குப் பக்கத்தில் வருகிற அளவு இது. ஆனால் நடையை விட்டால் பலனும் சில வாரங்களில் போய்விடும்.

எவ்வளவு நடப்பது? வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 30 நிமிடமாக 5 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை நடந்தே பழக்கமில்லாதவர் 10 நிமிடத்தில் தொடங்கினால் போதும்.

வேகத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அரசியல் பேசிக்கொண்டே வேகமாக நடப்பவர்களைக் கேலி செய்யாதீர்கள், அவர்கள் சரியான வேகத்தில்தான் போகிறார்கள்! அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சோதனைதான் நல்லது. அந்த மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது. கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பு இலக்கை எட்டிப் பிடிக்கப் போனால் அளவுக்கு மீறித்தான் உழைப்பீர்கள்.

சரி, ஆபத்து எங்கே இருக்கிறது? என் கணக்கில் முதல் இடம் தம் கட்டுவதற்குத்தான். 1985-ல் கனடாவில் உடற்கட்டு வீரர்களின் கைத் தமனிக்குள்ளேயே குழாய் செருகி அளந்து பார்த்தார்கள். இரண்டு காலாலும் பெரிய எடையைத் தள்ளும்போது அழுத்தம் சராசரியாக 320/250 வரை போனது. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டியது. நல்ல ஆரோக்கியமான இளைஞர்களுக்கே இந்த நிலை. பெரிய எடையோடு மூச்சையும் அடக்கும்போது, மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் அழுத்தம் கூடி ரத்த அழுத்தத்தைத் திடீரென்று தூக்கிவிடுகிறது.

அதற்காக எடைப் பயிற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதுவும் பிரஷருக்கு நல்லதுதான். 10, 15 முறை சிரமமில்லாமல் தூக்கக்கூடிய எடையை எடுங்கள். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். எப்போது மூச்சு விடுவது என்று குழப்பமாக இருந்தால் வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணுகிற வாய் தம் கட்டாது. பீரோவை நகர்த்தும்போதும் இதே விதிதான். கழிவறையில் முக்குவதற்கும் பொருந்தும், சிரிக்காதீர்கள். அப்புறம், பிரஷர் கட்டுக்குள் வராதவர்களுக்குச் சிரசாசனம் வேண்டாம்.

அடுத்த ஆபத்து, சட்டென்று நிறுத்துவது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள்தான் ரத்தத்தை மேலே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. திடீரென நின்றால் ரத்தம் காலிலேயே தங்கும், தலை சுற்றும். ரத்தக் குழாயை விரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் அதிகம். கடைசி 5, 10 நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தொடக்கத்திலும் மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டுங்கள். சிறுநீர் போகவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கடும் வெயிலில் நடக்க வேண்டாம். உடம்பில் நீர் சீக்கிரம் குறைந்துவிடும்.

ஓய்வாக இருக்கும்போதே 180/110-ஐத் தொட்டால், முதலில் மருத்துவரைப் பாருங்கள், பயிற்சி காத்திருக்கட்டும். இதய நோயோ சர்க்கரையோ கூட இருப்பவர்களும் கேட்டுவிட்டே தொடங்குங்கள். பயிற்சியின் நடுவே நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, பேச முடியாத மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உடனே நிறுத்துங்கள். உட்கார்ந்த பிறகும் தணியவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

நடந்து வந்த கையோடு பிரஷர் பார்க்காதீர்கள், அரை மணி நேரமாவது போகட்டும். சில மாதம் கழித்து அளவு குறைந்திருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், வீட்டில் குறித்துவைத்த அளவுகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். குறைப்பதா வேண்டாமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.