ஒற்றை டயரா, ஜோடியா?

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையில் 22 ஆண்டுகளாக டயர்க் கடை நடத்தி வருகிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், சாலைப் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாமல் வண்டியை இறக்கியவர்கள் ஒவ்வொருவராக வந்துவிடுவார்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்திருக்கும். இல்லையென்றால் கொழுக்கட்டை அளவுக்குப் புடைத்திருக்கும். "அண்ணே, ஒன்றுதானே போயிருக்கிறது, ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?" என்பார்கள். இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற கடைக்காரரும் உண்டு. ஒன்றே போதும் என்று அனுப்பிவிடுகிறவரும் உண்டு. இருவருமே அளந்து பார்க்காமல் பேசுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

தரையைத் தொடும் பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கச்சுவர் புடைத்திருந்தால் உள்ளே நூலிழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அந்த இடத்தில் காற்றைத் தாங்கிக்கொண்டிருப்பது வெறும் ரப்பர்தான். அதற்கு ஒட்டு கிடையாது.

ஒன்றா, இரண்டா என்பதை அதே அச்சின் மறுபக்கத்து டயரிடம்தான் கேட்க வேண்டும். தரையைத் தொடும் பகுதியில் இருக்கும் ரப்பர் கட்டைகளைப் பட்டன் என்போம். புதுக் கார் டயரில் அவற்றுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் ஆழம் 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரைச் சட்டப்படி ஓட்டக் கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறிய மேடுகள் அந்த எல்லையைக் காட்டத்தான். மறுபக்கத்து டயர் இன்னும் 6 மில்லிமீட்டர் வைத்திருந்தால், அதே அளவு, அதே நிறுவனம், அதே பட்டன் அமைப்பில் ஒன்றை மட்டும் வாங்குங்கள். வீண் செலவு வேண்டாம். அது 4 மில்லிமீட்டருக்கு இறங்கியிருந்தால் ஜோடியாக மாற்றுவதே முறை.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். 165/80 ஆர் 14 என்ற அளவுள்ள டயரை எடுத்துக்கொள்வோம். அது ஒரு முறை உருண்டால் ஏறத்தாழ 1.95 மீட்டர் போகும். 4 மில்லிமீட்டர் தேய்ந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் 25 மில்லிமீட்டர் பின்தங்கும். கிலோமீட்டருக்கு 13 மீட்டர். சென்னை போய்ச் சேர்வதற்குள் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது! ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை இந்த வித்தியாசத்தைக் குறைக்கும். பாதியாகக் குறைந்தாலும் 3 கிலோமீட்டர். இந்த ஜோடி எஞ்சின் சுழற்றும் சக்கரங்களில் இருந்தால், இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும், திருப்பத்தில் மட்டும் உழைக்க வேண்டிய டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் நேர்ச்சாலையிலும் ஓய்வின்றி உழைக்கும். ஈரச்சாலையில் பிரேக் அடிக்கும்போது ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும்.

நான்கு சக்கரத்தையும் எஞ்சினே சுழற்றும் வண்டிகளில் விதி இன்னும் கடுமை. எவ்வளவு வித்தியாசம் அனுமதி என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், அதன்படி நடங்கள்.

சரி, ஜோடியாக வாங்கிவிட்டீர்கள். எங்கே மாட்டுவது? முன்பக்கம்தான் என்பார்கள் பலர். எஞ்சின் முன்னால் இருக்கிறது, ஸ்டீயரிங்கும் முன்சக்கரத்தைத்தான் திருப்புகிறது, ஆகவே நல்ல டயர் அங்கே இருக்கட்டும் என்ற எண்ணம். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் மாட்டினேன். அது தவறு. புது ஜோடி பின்பக்கம் போக வேண்டும்.

மழைநீர் தேங்கிய வளைவில் வேகமாகப் போகிறீர்கள். தேய்ந்த டயரின் பள்ளங்களுக்கு நீரை வெளியேற்றும் வலு இல்லை. டயர் நீர்மேல் மிதக்கத் தொடங்கும். முன்டயர் மிதந்தால் ஸ்டீயரிங் இலேசாகிவிடும், வண்டி நேராகப் போகப் பார்க்கும். பயம்தான், ஆனாலும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால் பிடி திரும்பி வரும். பின்டயர் மிதந்தாலோ வால் வீசிக்கொண்டு வண்டியே சுழலும். பழகிய ஓட்டுநருக்கும் அதைத் திருப்பிப் பிடிப்பது அரிது. பிள்ளைகளை அமர்த்திக்கொண்டு போகிற வண்டி, யோசித்துப் பாருங்கள்.

கையைக் கடிக்காத ஒரு வழியும் இருக்கிறது. உங்கள் ஸ்டெப்னியைப் பாருங்கள். (இந்தச் சொல் வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது, 1904-இல் டேவிஸ் சகோதரர்கள் அங்கேதான் மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார்கள்.) ஸ்டெப்னி மற்ற நான்கின் அளவிலேயே, தரையைத் தொடாமல் இருந்தால், அதே வகையில் ஒரே ஒரு புது டயர் வாங்கி அதற்கு ஜோடியாக்கிவிடலாம். ஆனால் வயதைப் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகும். ஆறு வயது தாண்டிய ஸ்டெப்னியை நான் ஜோடி சேர்ப்பதில்லை. சில கார்களில் ஸ்டெப்னி ஒல்லியாக, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்ற எச்சரிக்கையோடு வரும்; அதை நிரந்தரமாக மாட்டவே கூடாது.

சென்ற மழையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு டயருக்குப் பணம் எண்ணிக்கொண்டு வந்தார். டிக்கியைத் திறந்து பார்த்தோம். ஸ்டெப்னிக்கு மூன்று வயது, பட்டன் புதிது. ஒரு டயர் மட்டும் வாங்கினார். இரண்டையும் பின்னால் மாட்டி, அங்கிருந்த ஜோடியை முன்னால் கொண்டுவந்தோம். கிழிந்த டயரின் துணை ஸ்டெப்னியாக டிக்கிக்குள் போனது. அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் பார்த்து, பொழுது சாய்வதற்குள் அவரை மேலூருக்கு அனுப்பிவைத்தேன்.

வணக்கம்.