டீ ஆன்ட்வூர்ட் பாணி பீட்ல ராப் குரல் ஏன் அமுங்குது?

ஒரு கேள்வி வந்திருக்கு. டீ ஆன்ட்வூர்ட்ங்கிற தென்னாப்பிரிக்க ராப் குழு மாதிரி எலக்ட்ரானிக் ராப் பாட்டு ஒண்ணு மிக்ஸ் பண்றாராம் நண்பர். அந்த நாட்டோட ஆஃப்ரிகான்ஸ் மொழியில ஒருத்தர் ராப் பாடியிருக்கார், ஹூக் (திரும்பத் திரும்ப வர்ற பல்லவி) ஒரு பெண் குரல். பீட்டோட சேர்த்தா குரல் அமுங்குது, ஃபேடரை (சத்தம் கூட்டிக் குறைக்கிற பட்டை) ஏத்தினா காதைக் குத்துது, என்ன செய்யறதுன்னு கேட்கிறார்.

ஃபேடர்ல கை வைக்காதீங்க. முதல்ல வேகத்தைப் பாருங்க. 130 பிபிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 130 தாள அடின்னா, ஒரு அடி சுமார் 460 மில்லிசெகண்ட். அதை நாலாப் பிரிச்சு நாலு அசை வச்சா ஒவ்வொண்ணுக்கும் 115 மில்லிசெகண்ட்தான். ஆஃப்ரிகான்ஸ்ல சொல் முடியிற இடத்துல ரெண்டு மூணு மெய்யெழுத்து ஒட்டிக்கிட்டு வரும். அந்த இடைவெளி அதுக்குப் பத்தாது, எல்லாம் குழைஞ்சுடும். பெரும்பாலும் அடிக்கு ரெண்டு அசை வைங்க, வரி முடிவுல மட்டும் நாலு. இதை ரெக்கார்டிங்லயே சரி பண்ணணும், மிக்ஸ்ல முடியாது.

அடுத்தது, எல்லாரும் கோட்டை விடுற இடம். அந்த மொழியோட ஜி (g) எழுத்து, தொண்டையில உரசி வர்ற ஓசை. டீ-எஸ்ஸரை (ஸ, ஷ மாதிரி சீறல் ஓசையைக் குறைக்கிற கருவி) வழக்கம்போல 6, 7 கிலோஹெர்ட்ஸ்ல வச்சா அது சிக்காது. இரைச்சல் அதுக்கும் கீழேயே ஆரம்பிச்சுடும். கம்ப்ரஸருக்கு முன்னாடியே அந்த ஜி வர்ற துண்டுகளை மட்டும் வெட்டி 3, 4 டெசிபல் குறைங்க. அப்படியே விட்டா கம்ப்ரஸர் உரத்த அசைகளை அமுக்கும், நீங்க மொத்த லெவலை ஏத்துவீங்க, உரசல்தான் முன்னாடி வந்து நிக்கும். காதைக் குத்துறது பெரும்பாலும் இதுதான்.

உருட்டிச் சொல்ற ரகரத்துல நாக்கு ஏறக்குறைய 35, 40 மில்லிசெகண்டுக்கு ஒரு தரம் தட்டும். கம்ப்ரஸர் ரிலீஸ் (அமுக்கினதை விடுற நேரம்) அதைவிட வேகமா இருந்தா ஒவ்வொரு தட்டுக்கும் லெவல் ஆடும், குரல் நடுங்குற மாதிரி கேட்கும். 80லிருந்து 100 மில்லிசெகண்ட் வைங்க.

இனி பீட். டீட்யூன் பண்ணின (லேசா சுருதி விலக்கின) சா-வேவ் சிந்த், அதாவது சிந்தசைசரோட ரம்பம் மாதிரி கூர்மையான ஓசை, அடியிலிருந்து உச்சி வரைக்கும் எல்லா அலைவரிசையையும் அடைச்சுக்கும். அதனால ராப் வர்ற இடத்துல சிந்த்தோட லோ-பாஸ் ஃபில்டரை (மேல் அலைவரிசைகளை வெட்டுற வடிகட்டி) 1.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மூடிடுங்க, ஹூக்ல முழுசாத் திறங்க. டீ ஆன்ட்வூர்ட்ல ராப் பாடுற நிஞ்சாவோட தாழ்ந்த குரலுக்கும் பாடகி யோலாண்டி விஸ்ஸரோட கீச்சுக் குரலுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் இந்தக் குழுவோட பலம், மிக்ஸ்ல அதைக் காப்பாத்தணும். ஹூக் வரும்போது சிந்த் மெட்டு பெண் குரல் இருக்கிற அதே ஆக்டேவ்ல ஓடினா ரெண்டும் மோதும். சிந்த்தை ஒரு ஆக்டேவ் இறக்குங்க. பேஸை கிக் டிரம்மோட சைட்செயின் பண்ணும்போது (கிக் விழும்போதெல்லாம் பேஸ் தானா இறங்குற மாதிரி இணைக்கிறது) ரிலீஸ் 150 மில்லிசெகண்ட் அளவுல இருக்கட்டும். அதுக்கு மேல ரொம்ப நீட்டினா அடுத்த கிக் விழறதுக்குள்ள பேஸ் எழும்பாது.

பாடுறவர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க: டீ ஆன்ட்வூர்ட்டோட உச்சரிப்பைக் காப்பியடிக்க வேண்டாம். டீ ஆன்ட்வூர்ட் 2008ல கேப் டவுன்ல ஆரம்பிச்ச குழு. அதே ஊர்ல 1988லேயே ப்ராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டிங்கிற ஹிப்-ஹாப் குழு தொடங்கியாச்சு. 90கள்ல ப்ராஸ்ஸ ஃபனீ காப்ங்கிற குழு வந்து, ஊரோட புறநகர்ப் பகுதியான கேப் ஃப்ளாட்ஸ் மக்களோட ஆஃப்ரிகான்ஸ்லயே ராப் பாடினாங்க. அந்த ரெண்டு குழுவுலயும் டிஜே ரெடி டி இருந்தார். அந்தப் பேச்சையும் கேங் பச்சைகுத்தலையும் வெள்ளைக்காரங்க வேஷமாப் போட்டுக்கிட்டாங்கன்னு டீ ஆன்ட்வூர்ட் மேல பலமான விமர்சனம் உண்டு. என் பார்வையில அது நியாயமான விமர்சனம். ஓசையமைப்பைக் கத்துக்கோங்க, உச்சரிப்பு பாடுறவரோட சொந்தப் பேச்சா இருக்கட்டும். சொந்தமாப் பேசுறவர் மூச்சை எங்க விடணும்னு அவருக்கே தெரியும், எடிட்டிங் வேலையும் பாதியாக் குறையும்.