தயிர்முட்டியோடு கொழும்புக்குப் போய் மனமே பார்த்த கதை

வணக்கம் உறவுகளே. படம் கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னுடைய கமரா முக்காலி கிணற்றடியில் வெயில் காய்கிறது. ஏன் என்று மறுகா சொல்கிறேன். போனை அரிசி டின்னுக்கு மேலே இரண்டு பழைய கொப்பிகளை அடுக்கி நிறுத்தியிருக்கிறேன். காலையில்தான் கொழும்பிலிருந்து வந்து இறங்கினேன். கண்ணெல்லாம் எரிகிறது. ஆனாலும் இன்றைக்கே சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

மனமே என்கிற சிங்கள நாடகத்தைப் பார்த்துவிட்டேன்! நேரில், மேடையில்!

நம்ம சமையல் வீடியோக்களைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், பெரியம்மா தேங்காய் திருவும்போது பின்னால் ஒரு சிங்களப் பாட்டு முணுமுணுப்பாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அது மனமேப் பாட்டு. எழுபதுகளில் பேராதனையில் படித்தவர் பெரியம்மா. அங்கே ‘வள’ என்று திறந்தவெளி அரங்கு ஒன்று இருக்கிறது. வள என்றால் குழி. அந்தக் குழியின் படிக்கட்டில் இருந்து பார்த்த நாடகம் அவரை இன்னும் விடவில்லை, அவர் என்னையும் விடவில்லை. எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற அளவுதான். ஆனால் அந்தப் பாட்டுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவேன்.

கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் போடுகிறார்கள் என்று வெள்ளவத்தை மாமி சொன்னதும் கிளம்பிவிட்டோம். நான், பெரியம்மா, மச்சாள், மச்சாளின் எட்டு வயது மகன். 1956 நவம்பர் 3ஆம் தேதி மனமே முதன்முதலாக மேடையேறியதும் அதே லயனல் வென்டில்தான். அதனால் பெரியம்மாவுக்கு இது கோயிலுக்குப் போகிற மாதிரி. முதல் நாளே தலைக்கு முழுகிவிட்டார்.

சரி, முட்டிக் கதைக்கு வருகிறேன். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் தயிர் இல்லாமல் போனால் சொந்தக்காரர் வீட்டுக்குள் எடுக்கமாட்டார்கள். அப்பா படுவான்கரையிலிருந்து இரண்டு முட்டி, அதாவது மண்பானை, எருமைத் தயிர் கொண்டு வந்தார். வாயைக் கட்டி, கயிறு போட்டுத் தூக்கத் தோதாக. ஒன்றை மச்சாள் மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார். மற்றதை நான் அதிபுத்திசாலித்தனமாகப் பைக்குள் வைத்தேன், முக்காலிக்குப் பக்கத்தில். இரவுக் கோச்சி, ரயில்தான். கல்லோயாப் பக்கம் யானைக்குப் பயந்து மெல்ல உருட்டிக்கொண்டு போனார்கள், முட்டி அசையவேயில்லை. மாகோ தாண்டியும் பத்திரம். கொழும்புக் கோட்டையில் இறங்கும்போது ஒரு ஐயா உதவி செய்கிறேன் என்று மேல்தட்டிலிருந்து என் பையை ஒரே இழுவையாக இழுத்தார்.

டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பெரிய உடைவு என்றாலும் மனம் ஆறியிருக்கும், இது ஒரு மயிர்க்கோட்டு வெடிப்பு. அதாலே தயிர் சொட்டுச் சொட்டாக இறங்கி, வெள்ளவத்தை போய்ச் சேருவதற்குள் முக்காலியின் மூன்று காலுக்குள்ளேயும் போய்விட்டது. அந்தக் கால்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையுமே, அந்த இடுக்குக்குள்! தேசிக்காய் போட்டுத் தேய்த்தேன், சுடுதண்ணீர் ஊற்றினேன், பல் தூரிகை விட்டுக் குடைந்தேன். இன்னும் காலை நீட்டினால் புளித்த வாசம் அடிக்கிறது. தப்பிய முட்டியை மாமியிடம் கொடுத்தால் அவர் குசினித் தட்டைக் காட்டுகிறார். அங்கே மூன்று வெறும் முட்டி அடுக்கியிருக்கிறது. போன கிழமைதான் ஆரோ ஊரிலிருந்து கொண்டுவந்தார்களாம்.

நாடகம் பின்னேரம். மாமி வீட்டிலிருந்து ஓட்டோ. தெருவில் மறித்த ஓட்டோக்காரர் 700 ரூபாய் என்றார். போனில் பார்த்தால் 450 காட்டுகிறது. எனக்கு இந்த விசயத்தில் விட்டுக்கொடுக்கவே ஏலாது, உங்களுக்குத் தெரியும், பாசிக்குடாவில் இளநீருக்குச் சண்டை பிடித்தவள் நான். பெரியம்மா என்னைத் தள்ளிவிட்டு முன்னுக்கு வந்து, சுத்தமான சிங்களத்தில், நாங்கள் மனமே பார்க்கப் போகிறோம் தம்பி என்றார். அந்த மனிதரின் முகமே மாறிவிட்டது. ஏறுங்கள் என்றார். ஏறியதும் பாடத் தொடங்கினார், வேடர் தலைவன் பாட்டு. பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கு எரிகிறது, இவர் கையை விட்டுத் தாளம் போடுகிறார். இரண்டாவது அடியில் ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டார். பெரியம்மா, ஓய்வுபெற்ற ரீச்சர், விடுவாரா? நிறுத்தித் திருத்தினார். அவரும் திரும்பப் பாடிக் காட்டினார்.

இறங்கும்போது 450 போதும் என்றார். 500 கொடுத்தோம். சில்லறை இல்லையாம்! இவ்வளவு பாட்டுக்கும் பிறகு அந்த 50 ரூபாயைக் கேட்பதா விடுவதா? மச்சாள் விடுங்கள் என்றார். நான் ஒரு நிமிடம் கையை நீட்டியபடியே நின்றேன். பெரியம்மா, அது பாட்டுக்கு என்று சொல்லிப் படியேறிவிட்டார். பிழையாகப் பாடிய பாட்டுக்கு 50 ரூபாய்! இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

உள்ளே படம் பிடிக்க விடமாட்டார்கள். அதனால்தான் இன்று வெறும் கதை. நாங்கள் எடுத்தது பல்கனி டிக்கெட், தலைக்கு 1500. முன்னால் ஒரு உயரமான ஆள். சின்னவனை என் மடியில் தூக்கி வைத்தேன், மறுகா எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

விளக்கு அணைந்தது. கதை சொல்கிறவர், பொத்தேகுரு என்பார்கள், வந்து நின்றார். பக்கத்தில் பாட்டுக்காரர்கள். மத்தளம் விழுந்தது பாருங்கள்! எனக்குக் கை சிலிர்த்துவிட்டது. அது நம்ம சத்தம். போன வருசம் கன்னன்குடாவில் விடிய விடிய இருந்து கூத்துப் பார்த்த வீடியோ போட்டேனே, வட்டக்களரி என்கிற வட்ட மேடைக்குள் அண்ணாவியார், கூத்துப் பழக்குகிற வாத்தியார், மத்தளத்தோடு நின்று பிடிக்க, ஒவ்வொரு ஆளும் தன் வரவுப் பாட்டைப் பாடி ஆடி வருவார்களே, அந்த முறைதான். இங்கேயும் பொத்தேகுரு ஆளை அறிமுகம் செய்கிறார், ஆள் பாடிக்கொண்டே வருகிறார். நம்ம கூத்தின் விரிந்த கரப்புடுப்பு இல்லை, சல்லரித் தாளத்தின் அந்த இரைச்சல் இல்லை, எல்லாம் மெதுவாக, பட்டு மாதிரி. நம்ம கூத்தாட்டத்தின் வேகம் இல்லாதது எனக்குக் குறைதான், மறைக்கமாட்டேன்.

இடைவேளையில் பெரியம்மா விளக்கினார். சிங்களத்தில் இந்த வகைக்கே பெயர் நாடகம. கரையோரத் தமிழ்க் கூத்திலிருந்து போனது. அதில் ஒரு பாட்டு வகைக்குப் பெயர் இன்னிசய! இன்னிசைதான். பேராசிரியர் எதிரிவீர சரத்சந்திர அதைப் பழைய வாத்தியாரான சார்ள்ஸ் சில்வா குணசிங்கவிடம் கேட்டுப் படித்து, ஜப்பானுக்குப் போய் அங்கத்தைய நோ, கபுகி நாடகங்களையும் பார்த்துவிட்டு வந்து செய்தது மனமே. அதே பேராதனையில்தான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நம்ம கூத்தை எடுத்து, விடியும்வரை ஆடுவதைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். 1964இல் இராவணேசன். இராவணனாக ஆடியது நம்ம மௌனகுரு சேர். கூத்து இங்கேயிருந்து அங்கே போய், அங்கேயிருந்து திரும்பி வந்த மாதிரி இருக்கு, இல்லையா?

அட, கதையையே சொல்லவில்லை. மனமே இளவரசன் தக்கசீலத்தில் படித்து, குருவின் மகளையே கல்யாணம் முடித்து, காட்டுவழியாக ஊருக்குத் திரும்புகிறான். வேடர் தலைவன் மறித்து, பெண்ணை விட்டுவிட்டுப் போ என்கிறான். சண்டை. இளவரசன் அவனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வாளைத் தா என்று மனைவியிடம் கை நீட்டுகிறான். புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்கிற பழைய சாதகக் கதையில் அவள் துரோகி, வாளைக் கள்வனுக்கே கொடுத்துவிடுவாள். சரத்சந்திர அதை மாற்றிவிட்டார். இவள் தயங்குகிறாள். தன் ஆட்களை விலக்கிவிட்டுத் தனியாக நின்று சண்டை பிடித்தவன் இவன், கொல்ல வேண்டாம் என்கிறாள். அந்த ஒரு கணத்தில் பிடி தளர்கிறது, புருசன் செத்துப்போகிறான். கடைசியில் வேடனும் அவளை விட்டுப் போய்விடுகிறான்.

அந்த வாள் பிடித்த கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்த உயரமான ஆள் அந்த நேரம் பார்த்துத் தலையைச் சரித்தார், கடவுள் புண்ணியம். அவள் வாளை நீட்டவும் இல்லை, பின்னுக்கு எடுக்கவும் இல்லை. மணிக்கட்டு மட்டும் ஒருக்கால் திரும்பியது. பக்கத்தில் பெரியம்மாவின் உதடு சத்தமில்லாமல் பாடிக்கொண்டிருந்தது.

கோச்சியில் திரும்பி வரும்போது முழுக்கச் சண்டை. பிழை அவளுடையது என்கிறார் மச்சாள். என்ன நியாயம் பேசினாலும் அது பேசுகிற நேரமா என்கிறார். பெரியம்மா, வாளைக் கேட்டவன் அவள் சொன்னதைக் கேட்டானா என்கிறார். பொலன்னறுவை வரை இதுதான். சின்னவனுக்கு வேடர் தலைவனைத்தான் பிடித்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அகப்பையோடு திரிகிறான்.

ஒன்று மறந்துவிட்டேன். வெடித்த முட்டியில் பாதித் தயிர் மிச்சம் இருந்தது. மாமி அதில் மோர்க்குழம்பு வைத்தார். நல்லாயிருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

பொறுங்கள், பெரியம்மா கூப்பிடுகிறார்... ஓம் பெரியம்மா! அரிசி டின் வேணுமாம், உலை வைக்கப் போறாவாம். நான் போனை எடுக்க வேண்டும்... இந்தா, விழப்போகுது...